சித்தப்பாவின் எச்சில்

ஜெராக்ஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். பெரிய மெஷினின் மூடியைத் தூக்கி அடித்துச் சாத்துவாள். அன்று காலை அவள் சாத்திய சாத்தில், பக்கத்துப் பேக்கரியில் அடுக்கியிருந்த பிஸ்கட் டின்கள் ஆடிப்போய்விட்டன. பேக்கரியின் அடுப்புக்காரர் பனியனோடு ஓடிவந்தார். வேர்வை அவருக்கு எப்போதும் காது வழியாகத்தான் சொட்டும்.

"என்னக்கா, மெஷின் செத்துடுச்சா?"

"நான்தான் செத்துட்டேன். போய் ரொட்டியைப் பாருங்க, கருகப்போவுது."

நடந்தது இதுதான். அக்காவுக்கு ஐம்பது வயது நிறைந்ததற்கு அவள் கணவர் ஒரு பரிசு கொடுத்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். வருடா வருடம் குக்கர், மிக்ஸி என்று வாங்கி வாங்கித் திட்டு வாங்கியவர், இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு டி.என்.ஏ. பெட்டி வாங்கிவந்தார். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால், உன் முன்னோர்கள் எங்கே தொடங்கி எப்படிப் பரவினார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். அக்கா பக்தியோடு தேய்த்து அனுப்பினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் வழி. அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் யார் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அன்றுதான் பதில் வந்தது. தாய்வழி நாலு பக்கம் இருந்தது. தந்தைவழிக்கு நாலே வரி. ஒய் குரோமோசோம் என்ற ஒன்று அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும், பெண்ணாகிய உங்களிடம் அது கிடையாது, ஆகவே உங்கள் தந்தை, சகோதரர், அல்லது தந்தையின் சகோதரர் யாராவது ஒருவருடைய எச்சிலை அனுப்புங்கள், நன்றி.

"அவ்வளவுதானே, நம்ம பையனோடதை அனுப்பு" என்றார் கணவர்.

"அறிவே கிடையாதா உங்களுக்கு? அவன்கிட்ட இருக்கிறது உங்க அப்பா வழி."

"ஓ! அப்போ நம்ம வீட்டுல என் வழிதான் ஓடுதுன்னு சொல்லு" என்று அவர் மீசையைத் தடவினார். அதற்குத்தான் கடைக்கு வந்தபிறகும் மூடி அந்த அடி வாங்கியது.

அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அண்ணன் தம்பி கிடையாது. நாலும் பெண், அக்காதான் மூத்தவள். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. கல்யாணமே பண்ணிக்கொள்ளாத சித்தப்பா, இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறையில் இருக்கிறார். எழுபத்தாறு வயதிலும் ஊர் பேண்ட் கோஷ்டியில் டிரம்பெட் ஊதுகிறார். அந்த மனிதரோடுதான் அக்கா பதினோரு வருடமாகப் பேசுவதில்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்டால் எனக்கே வயிறு எரிகிறது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று, கூடத்தில் நாலு பெண்களும் அழுதுகொண்டு நிற்கையில், அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டு, "இத்தோட முடிஞ்சுது. எங்க வம்சம் அத்துப்போச்சு" என்றார். நாலு பெண் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறார்கள் ஐயா! கடைசி இரண்டு வருடமும் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியவள் மூத்தவள். அவளைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வாயைப் பூட்டிக்கொண்டாள்.

சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. காகிதம் நகல் எடுக்கவேண்டுமென்றால் அண்ணன் மகள் கடையைத் தாண்டி, பஸ் ஏறிப்போய் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எடுத்துவருவார். அக்காவுக்குத் தெரியாது என்று நினைப்பு. ஒரு தடவை பேண்ட் கோஷ்டியின் நோட்டீஸை யாரோ அக்கா கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததுமே, "இது ஸ்டேஷன் கடை காப்பி" என்றாள். எப்படியா? ஒவ்வொரு மெஷினின் கண்ணாடியிலும் ஏதோ ஒரு பொட்டு, ஏதோ ஒரு கீறல் இருக்கும். அது அந்த மெஷினில் எடுக்கிற எல்லாக் காப்பியிலும் விழும். ஸ்டேஷன் கடை மெஷினில் வலது மேல் மூலையில் எள் போல ஒரு புள்ளி. அந்தக் காப்பியை இன்னொரு கடையில் காப்பி எடுத்தால் அந்த எள்ளோடு அந்தக் கடைக் கீறலும் சேர்ந்துகொள்ளும். காப்பிக்குக் காப்பி, அந்தக் காப்பிக்குக் காப்பி என்று எத்தனை கை மாறினாலும், விழுந்த பொட்டு போகாது. ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது எந்தெந்தக் கடை ஏறி இறங்கியது என்று அக்கா வரிசையாகச் சொல்லிவிடுவாள்.

டி.என்.ஏ. சமாச்சாரம் அதனால்தான் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அப்பா மகனுக்கு எழுதிக் கொடுக்கும் காப்பியில் எப்போதாவது ஒரு பொட்டு விழுகிறது. அந்த மகனுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாரிடமும் அதே பொட்டு. அவர்கள் மலை தாண்டிப் போனாலும் கடல் தாண்டிப் போனாலும் பொட்டும் கூடவே போகிறது. உலகத்தில் எங்கெங்கே யாரிடம் அந்தப் பொட்டு இருக்கிறது என்று பார்த்தால், அந்த ஆதி அப்பா எங்கே இருந்தார், பிள்ளைகள் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது கண்ணாடித் தூசி.

ஆனால் அப்பாவின் பொட்டு இப்போது உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் மிச்சம். அந்தத் தாளுக்கு எழுபத்தாறு வயது, ரத்தக்கொதிப்பு வேறு. அது போய்விட்டால் அப்பா எங்கிருந்து வந்தார் என்று அக்கா தலைகீழாக நின்றாலும் தெரிந்துகொள்ள முடியாது.

"போய்க் கேளேன்" என்றார் கணவர்.

"செத்தாலும் கேக்கமாட்டேன்."

"அப்புறம் எப்படி?"

"எடுத்துக்கிறேன்."

எடுத்தாள். கேளுங்கள் அந்தக் கூத்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு விழாவுக்குப் பேண்ட் கோஷ்டி வந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பையில் புதுப் பஞ்சுக்குச்சியோடு, கட்டில் வாங்க வந்தவள் மாதிரி உள்ளே நுழைந்தாள். கோஷ்டி வாசலில் வாசித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா கன்னம் இரண்டையும் பூரியாட்டம் உப்பிக்கொண்டு ஊதினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு டிரம்பெட் ஊதியது நம் அடுப்புக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இதுதான் வேலை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

டீ குடிக்கக் கலைந்தார்கள். வாத்தியங்கள் நாற்காலிகளில் கிடந்தன. சித்தப்பாவின் டிரம்பெட்டை அக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அப்பா தன் முதல் சம்பளத்தில் தம்பிக்கு வாங்கிக்கொடுத்தது. கழுத்தில் பச்சை டேப் சுற்றியிருக்கும். ஓசைப்படாமல் போய், வாய் வைத்து ஊதும் இடத்தில் குச்சியை விட்டுச் சுழற்று சுழற்று என்று சுழற்றினாள். அடியில் சின்னத் திறப்பு ஒன்று உண்டு. ஊதி ஊதிச் சேர்ந்த எச்சிலை அதை அமுக்கித்தான் கீழே விடுவார்கள். அதையும் அமுக்கினாள். சொட்டியதைக் குச்சியில் ஏந்திக்கொண்டாள்.

"என்னம்மா பண்றீங்க அங்க?" என்று அதட்டினார் கடைக் காவலாளி.

"தூசி துடைக்கிறேன்."

"கடைப்பொருள்னா நாங்க துடைப்போம். வாத்தியத்தை ஏன் துடைக்கிறீங்க?"

"கண்ணுல பட்ட தூசியைத் துடைக்காம போறது எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. அதைப் படித்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் வம்சத்துக்கு கியூ என்று பெயராம். முப்பதாயிரம் வருடம் போலப் பழையதாம். ஆசியாவின் நடுவிலோ சைபீரியாவிலோ, பனி உறைந்து கிடந்த காலத்தில் பிறந்ததாம். அதில் ஒரு கிளை வேட்டையாடிக்கொண்டே போய், அப்போது கடலுக்கு மேலே கிடந்த தரைவழியாக அமெரிக்கக் கண்டத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்ததாம்.

"நடந்தே!" என்று அக்கா கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ரேஷன் கார்டு காப்பி எடுக்க வந்தவர்கள், காலேஜ் சேரும் பிள்ளைகள், வீட்டு வாடகைப் பத்திரத்தோடு வந்த வக்கீல் குமாஸ்தா, யாரையும் விடவில்லை. உலகப்படத்தை எட்டுத் தாளில் பெரிதாக்கி ஒட்டி, அம்புக்குறி போட்டு, லேமினேட் செய்து மெஷினுக்கு மேலே மாட்டினாள். அடியில் அப்பாவின் படம், தட்டு அளவு. பக்கத்தில், வேறு வழியில்லாமல், சித்தப்பாவின் படம் தபால்தலை அளவு.

அதோடு விட்டாளா? வீட்டில் ஃபேனை ஐந்தில் வைத்தாள். "எங்களுக்குக் குளிரே தெரியாதுங்க, ரத்தத்துல ஊறினது" என்றாள். கணவர் போர்வைக்குள்ளிருந்து, "எங்க வம்சத்துக்குத் தெரியுதும்மா" என்றார். மூன்றாம் நாள் அக்காவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. சைபீரியாவில் எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று துடைத்துக்கொண்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் சித்தப்பாவின் பெயரே "சைபீரியா" ஆகிவிட்டது. காய்கறிக் கடையில், முடி வெட்டும் இடத்தில், பேண்ட் ஒத்திகையில் எல்லாம் "என்ன சைபீரியா, குளுருதா?" என்றுதான் கேட்டார்கள். எட்டாம் நாள் காலை அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கடைக்குள் நுழைந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"எவனைக் கேட்டு என் எச்சிலை எடுத்த?"

அக்காவும் பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைத் தேடினாள். வந்தது இதுதான்: "கீழ விட்ட எச்சில்தானே. யாரு வேணா எடுக்கலாம்."

"எங்கேர்ந்து எடுத்த?"

"டிரம்பெட்டுலேர்ந்து. பச்சை டேப் சுத்தினது. எங்கப்பா வாங்கிக் குடுத்தது."

சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பனி, அம்புக்குறி, தபால்தலை அளவில் தன் மூஞ்சி. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பதறிப்போனாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். லேமினேஷன் மெஷினைப் பிடித்துக்கொண்டு, சூடு சுட்டுக் கையை உதறிக்கொண்டு, மறுபடி சிரித்தார்.

"அது என் எச்சிலே இல்லம்மா."

"என்ன?"

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாத. நான் ஊதி ரெண்டு வருஷம் ஆச்சு. பூராவும் பல்செட்டு. ஊதினா மேல் செட்டு கழண்டு வருது. ஒரு ஸ்கூல் விழாவுல பிள்ளைங்க மேல போய் விழுந்துடுச்சு. அதுலேர்ந்து நான் கன்னத்தை உப்ப வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன். பக்கத்துல அடுப்புக்காரன்தான் ரெண்டு பேருக்கும் சேத்து ஊதறான். பாவம், அவனோடது ஓட்டை வாத்தியம். அதான் அண்ணன் குடுத்ததை அவன்கிட்ட குடுத்துட்டு, அவனுதை நான் கையில புடிச்சிருக்கேன்."

அக்கா திருதிருவென்று விழித்தாள். அப்படியானால் முப்பதாயிரம் வருடம் பனியில் வேட்டையாடி, அமெரிக்கா வரைக்கும் நடந்து போன வம்சம், இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பனியனோடு பன் சுட்டுக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மூக்கு ஒழுகியது வீண். அவள் கணவர் நடுங்கியதும் வீண்.

"கேட்டிருந்தா நானே துப்பிக் குடுத்திருப்பேனே" என்றார் சித்தப்பா.

"கேக்கிற மாதிரியா பேசினீங்க அன்னைக்கு?"

"என்னைக்கு?"

அதுதான் அவளைச் சுட்டது. என்றைக்கு என்று கேட்கிறார்! பதினோரு வருடம் அவள் உள்ளே வைத்துக் கருகியது அவருக்கு ஞாபகத்தில்கூட இல்லை. அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். கூடத்தில் நின்ற நாலு பெண்களையும், சுவரில் சாய்ந்து அவர் சொன்ன சொல்லையும், வார்த்தை மாறாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்கும் சேர்த்து மூடியை ஒரு சாத்து சாத்தினாள். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, கால் மட்டும் லேசாக ஆடியது.

"எடுத்துக்கோ. பல்லைக் கழட்டிட்டு வந்திருக்கேன். நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"ஐயோ, அரைமணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும் சித்தப்பா!"

"எனக்கு யாரு சொன்னா? ரத்தப் பரிசோதனைக்கு அப்படித்தானே போவோம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். பல் ஒன்றுகூட இல்லாத அந்த வாயைப் பார்த்ததும் அக்காவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கடைசி நாட்களில் அப்பாவின் வாயும் இப்படித்தான் இருந்தது. இரண்டு கன்னத்திலும் மெதுவாகத் தேய்த்து எடுத்தாள். பிறகு அடுப்புக்காரரிடம் ஓடிப்போய் நாலு சூடான பன் வாங்கிவந்து, பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அவர் நாலையும் தின்றார். சுவரில் இருந்த சைபீரியாவை அன்றைக்கே கழற்றி, உண்மைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. அடுப்புக்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதான் எனக்கு இவ்வளவு வேர்க்குதாக்கா? இத்தனை நாளா அடுப்பைத் திட்டிக்கிட்டிருந்தேனே!" என்றார். இப்போது அந்தப் படம் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.

இரண்டாவது பதில் வந்த அன்று சித்தப்பா பகல் முழுக்கக் கடையிலேயே இருந்தார். இப்போதெல்லாம் அங்கேதான் இருக்கிறார். ஸ்டேப்ளர் அடிக்கிறேன் என்று விரலையும் சேர்த்து அடித்துக்கொள்கிறார். அக்கா படித்துக் காட்டினாள். அப்பாவின் வழிக்குப் பெயர் ஜி. மேற்கு ஆசியாவில் தொடங்கியது என்கிறார்கள். பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் விதைக்கக் கற்றுக்கொண்டவர்கள் பரவினபோது, அவர்களோடு இதுவும் பரவியது. வேட்டை இல்லை, பனி இல்லை. பரவின இடங்களில் பலவற்றில் இன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் மிச்சம்.

"விவசாயியா?" என்று சித்தப்பா வருத்தப்பட்டார். "என் கையில ஒரு ரோஜாத் தொட்டி உருப்பட்டதில்லையே."

"அப்பாவும் கொத்தமல்லி போட்டுப் பார்த்தாரு. முளைக்கல."

"பத்தாயிரம் வருஷத்துல மறந்துபோச்சு போல."

இருவரும் சிரித்தார்கள். அக்கா வரைபடத்தைப் பெரிதாக்கி எடுத்து மேஜையில் விரித்தாள். மேலே ஒரு புள்ளி, அதிலிருந்து கோடு கோடாக இறங்கி, கடைசிக் கோட்டின் நுனியில் சித்தப்பா. அவர் விரலை வைத்து அந்தக் கோட்டிலேயே வந்து, நுனியில் நிறுத்தினார். அதற்குக் கீழே வெள்ளைத் தாள்தான் இருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது இதைத்தாம்மா" என்றார். "நீங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சிக்கிட்டு அழுதீங்க. எனக்குப் புடிச்சிக்க ஆள் இல்ல. அண்ணனும் போயாச்சு, எனக்கப்புறம் ஒண்ணும் இல்லன்னு தோணிச்சு. என்னைப் பத்திச் சொல்லிக்கிட்டேன். வாய்விட்டுச் சொன்னேன்னுகூடத் தெரியாது."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "இதைப் பதினோரு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பஸ் ஏறிப் போயி காப்பி எடுத்துக்கிட்டு!"

"நீ பேசவேயில்லையே. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. கேக்க பயமா இருந்துச்சு."

இதைக் கேட்டபிறகு அவரோடு யார் சண்டை போடுவது? அக்கா மூக்கைச் சிந்தினாள். பதிலோடு வந்த தாள்களில் இன்னும் ஒரு படிவம் பாக்கியிருந்தது. எச்சில் கொடுத்தவருடைய காலத்துக்குப் பிறகு இந்தப் பதிவு யாருக்குச் சேரவேண்டும், அவர் என்ன உறவு என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டுமாம். பேனாவைக் கொடுத்தாள். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, அக்காவின் பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் "மகள்" என்று எழுதினார்.

"அண்ணன் மகள்னு எழுதணும் சித்தப்பா."

"அவ்வளவு பெரிசா எழுத இடம் எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.